முற்றத்துக்கு வந்த பராக்கிரமசாலி

புதுக்கோட்டைச் சீமையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, பலம் பொருந்திய ஒரு பிராணியோடு ஒரே வளவுக்குள் குடும்பம் நடத்துவது எப்படி என்பதை எவரும் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. ஆண்டுத் தொடக்கத்து ஜல்லிக்கட்டுக்குப் பெயர்பெற்ற தச்சங்குறிச்சியிலும், விராலிமலையிலும், இராப்பூசலிலும், வாடிவாசலை விட்டுப் புழுதி பறக்கப் பாய்ந்து வந்து, வாலிபர்கள் பலர் சூழ நின்றாலும் திமிலைத் தொடவிடாமல் சுழன்று விளையாடும் காளை, மறுநாள் காலையில் வீட்டுச் சிறுமி பிடித்த கயிற்றுக்கு அடங்கித் தண்ணீர்த் தொட்டிக்கு நடந்து போவதை இம்மாவட்டத்துக் கிராமங்களில் காணாதவர் இல்லை. அந்தச் சாந்தம் தானாக வந்ததன்று. கன்றுப் பருவம் முதல் தீனி வைத்து, குளிப்பாட்டி, கண்மாயில் நீந்தவிட்டு, மண்மேட்டில் கொம்பால் குத்தப் பழக்கி, தினந்தோறும் பெயர் சொல்லி அழைத்துத் தடவிக் கொடுத்த பல கைகள் சேர்ந்து உண்டாக்கியது.

மாட்டின் விஷயத்தில் இவ்வளவு தெளிவுள்ள நாம், அண்மைக் காலமாகத் தமிழகத்து வீடுகளில் இடம்பிடித்துவரும் புல் டெரியர் வகை நாயின் விஷயத்தில் மட்டும் அந்த அனுபவத்தை முற்றிலும் மறந்துவிடுகிறோம் என்பது என் அபிப்பிராயம். அகன்ற மார்பும், உருண்டு திரண்ட தோளும், குட்டை ரோமமும் கொண்ட அந்தக் குட்டியைக் காவலுக்கென்று விலை கொடுத்து வாங்கி, வாயிற்கதவருகே சங்கிலியில் கட்டி, அதைக் கண்டு தெருவில் போவோர் அஞ்சுவதைக் கௌரவமாக எண்ணும் கிருகஸ்தர்கள் பலர். அந்த நாயின் பூர்வ சரித்திரத்தையும் சுபாவத்தையும் அறிந்தவர்கள் அப்படிச் செய்யத் துணியமாட்டார்கள். ஏனெனில், மனிதரிடமிருந்து விலக்கி வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமற்ற பிராணி நாய்க்குலத்தில் அரிது.

அந்தச் சரித்திரம் ஒரு காளையிலிருந்தே தொடங்குகிறது. இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக நடந்துவந்த ஒரு கொடிய கேளிக்கையில், காளையை முளையில் கட்டி, அதன்மேல் நாய்களை ஏவி, மூக்கைக் கவ்விப் பிடிக்கச் செய்து, பிரபுக்களும் பாமரரும் ஒருங்கே கூடி நின்று ரசித்தார்கள். அப்படிக் கடிபட்ட மாட்டின் இறைச்சியே மிருதுவானது என்ற நம்பிக்கையால், சில நகரங்களில் கசாப்புக்கு முன் இவ்வாறு செய்யவேண்டும் என்ற விதியும்கூட இருந்தது. ஓக்கிங்ஹாம் என்ற ஊரில் ஜார்ஜ் ஸ்டேவர்டன் என்பவர், ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தில் ஒரு காளையை இவ்விதம் வதைத்து அதன் இறைச்சியை ஏழைகளுக்குப் பங்கிட வேண்டுமென்று 1661-ஆம் ஆண்டு தம் உயிலிலேயே எழுதி வைத்தார் என்றால், அந்த வழக்கம் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை ஊகித்துக் கொள்ளலாம். நம்மூர் வாடிவாசலில் காளை அவிழ்ந்து ஓடுகிறது. அதன் திமிலை அணைபவன் மனிதன். அங்கே காளை கட்டுண்டு நின்றது. அதனோடு போரிட்டுக் கொம்பில் கிழிபட்டது நாய். அந்த வேலைக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பழைய புல்டாக் இனந்தான் இன்றைய புல் டெரியர்களின் ஒரு பக்கத்து மூதாதை.

மற்றொரு பக்கம் டெரியர். நரி முதலியவற்றின் வளைக்குள் புகுந்து, இருட்டில், தனியாக, எஜமானனின் குரல் எட்டாத இடத்தில் எதிரியைச் சந்திக்கும் இந்தச் சிறு நாய், எவருடைய ஆணைக்கும் காத்திராமல் தானே தீர்மானிக்கும் புத்தியும், தொடங்கியதை விடாத பிடிவாதமும் உடையது. புல்டாக்கின் உடல் வலிமையையும் டெரியரின் துடிப்பையும் ஒன்றாக்க விரும்பியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டையும் கலந்தார்கள். அக்கலப்பில் பிறந்த பில்லி என்னும் நாய், 1823-ஆம் ஆண்டு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பந்தயக் குழியில் நூறு எலிகளை ஐந்தரை நிமிஷத்தில் கொன்று தீர்த்ததாகப் பதிவாகியிருக்கிறது.

1835-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பாராளுமன்றம் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிக் காளைவதைக் கேளிக்கையைத் தடை செய்தது. கொடூரம் அத்துடன் ஒழியவில்லை. காளையை மறைத்து வைப்பது கடினம், இரண்டு நாய்களை மறைத்து வைப்பது எளிது என்பதால், குடிசைகளின் பின்புறத்திலும் சாராயக் கடைகளின் நிலவறையிலும் நாய்ச்சண்டை பெருகியது. இந்த அத்தியாயத்தைப் படிக்கும்போது மனம் கூசுகிறது. ஆயினும் இதற்குள்ளேதான் இன்றைய குடும்ப நாயின் சுபாவத்துக்கான ஒரு விளக்கமும் பொதிந்து கிடப்பதாக இந்த இனத்தை அறிந்தவர்கள் கூறுவார்கள். சண்டைக் குழிக்குள் நாய்களைப் பிரிக்கவும், காயத்தைத் துடைக்கவும் மனிதர்கள் வெறுங்கையோடு இறங்க வேண்டியிருந்தது. அந்த உக்கிரத்தின் நடுவிலும் மனிதன் கையைக் கடிக்கும் நாயை அவர்கள் விரும்பவில்லை. மேலும் இந்நாய்களை வைத்திருந்தவர்கள் ஸ்டாஃபர்ட்ஷயர் வட்டாரத்துச் சுரங்கத் தொழிலாளரும், இரும்பு வேலைக்காரரும், சங்கிலி அடிப்பவர்களுமான ஏழைகள். அவர்களுடைய சிறு வீடுகளில் நாய்க்கென்று தனிக் கொட்டில் ஏது? அடுப்படியில், குழந்தைகளின் காலடியிலேயே அது வளர்ந்தது. ஆகவே, தன்னினத்தோடு பொருதும் வேகமும் மனிதரிடம் கொண்ட அளவற்ற பற்றும் ஒரே உடலில் குடியேறின.

பின்னர் அந்தக் குலம் கிளைவிட்டது. பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹிங்க்ஸ் என்பவர் 1860-களில் நீண்ட முட்டை வடிவ முகத்துக்கு வழிகோலிய வெள்ளைப் புல் டெரியரை உருவாக்கினார். அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் கொண்டுசென்ற நாய்கள் அங்கே உயரமும் கனமும் பெற்று, பிட்புல் டெரியர் என்றும் அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியர் என்றும் பெயர் பெற்றன. தாயகத்திலேயே தங்கிய பழைய வடிவம் ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர் என்ற பெயரில் 1935-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கென்னல் கிளப்பினால் அங்கீகரிக்கப்பட்டது. சண்டைக் குழியின் களங்கத்திலிருந்து தங்கள் நாயை மீட்டுக் கௌரவமான சபையில் நிறுத்த வேண்டுமென்று கிரேட்லி ஹீத் என்னும் ஊரில் கூடியவர்களுள் ஜோ மாலன் குறிப்பிடத்தக்கவர். அவரும் சங்கிலித் தொழிலாளியே. ஓர் இனத்தின் பெயரை அதை வளர்த்த எளிய மக்களே மீட்டெடுத்தார்கள் என்பது எனக்கு மிகுந்த நிறைவு தரும் செய்தி.

நான் இங்கே முக்கியமாகச் சொல்ல விரும்புவது இந்த ஸ்டாஃபர்ட்ஷயர் நாயைப் பற்றியே. தோளளவில் பதினான்கு முதல் பதினாறு அங்குல உயரம். கடுவன் நாயின் எடை பதின்மூன்று முதல் பதினேழு கிலோ வரை. பெட்டை அதைவிடச் சற்றுக் குறைவு. இந்தச் சிறிய சரீரத்துக்குள் அடங்கிய பலத்தை, கழுத்துப்பட்டையைப் பிடித்து ஒருமுறை நடந்து பார்த்தவர்களே அறிவார்கள். கவ்வினால் தாடை பூட்டிக்கொள்ளும் என்று ஊரெங்கும் ஒரு கதை உலவுகிறது. அப்படிப்பட்ட பூட்டு எதுவும் எந்த நாயின் தாடையிலும் இல்லை. கவ்வியதை விடாதிருப்பது பிடிவாதத்தின் விளைவு. அந்தப் பிடிவாதத்தைப் பந்துக்கும் கயிற்று விளையாட்டுக்கும் திருப்பிவிட்டு, 'விடு' என்ற ஒரு சொல்லுக்குக் கட்டுப்படக் குட்டிப் பருவத்திலேயே பழக்கிவிட்டால், அதுவே அதன் சிறந்த குணமாகிவிடும்.

காவல் நாய் வேண்டுமென்று இதை வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான். வீட்டுக்கு வரும் பால்காரரையும், தபால்காரரையும், முன்பின் அறியாத விருந்தாளியையும் வாலோடு இடுப்பையும் சேர்த்து ஆட்டி வரவேற்பதே நன்கு வளர்ந்த ஸ்டாஃபர்ட்ஷயர் நாயின் இயல்பு. இந்தச் சிநேகத்தைக் குறையென்று கருதி, அடித்தும், சீண்டியும், அறையில் பூட்டியும் அதை மூர்க்கமாக்க முயல்பவர்கள், பல தலைமுறைகளாகப் பேணப்பட்ட ஒரு நற்குணத்தைச் சில மாதங்களில் நாசம் செய்கிறார்கள்; அதன்பின் அந்த நாய் யாரைக் கடிக்கும், எப்போது கடிக்கும் என்பது அவர்களுக்கே தெரியாது.

குட்டி வாங்கும் கட்டத்தில் அவசரம் ஆகாது. நாய் இனப்பெருக்கமும் விற்பனையும் பற்றிய 2017-ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது. விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஐந்து வாரத்துக் குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்துப் பேருந்தில் அனுப்பி வைப்பவர்களிடம் வாங்குவது, தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் அது கற்க வேண்டிய முக்கியமான பாடத்தை, அதாவது எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றொன்றுக்கு வலிக்கும் என்பதை, கற்கவிடாமல் பறிப்பதாகும். தாய் நாயைக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். அந்நியரைக் கண்டு பதுங்கும் தாயும், பல்லைக் காட்டும் தாயும் வேண்டாம். ஸ்டாஃபர்ட்ஷயர் இனத்தில் எல்-2-எச்ஜிஏ என்ற பரம்பரை வளர்சிதை நோயும் இளவயதிலேயே வரும் கண்புரையும் உண்டு. இரண்டையும் மரபணுச் சோதனையால் கண்டறியலாம் என்பதால், பெற்றோரின் சோதனைச் சீட்டைக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. வெள்ளைப் புல் டெரியரை விரும்புவோர் இன்னொன்றையும் அறிய வேண்டும்: அவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு ஒரு காதிலேனும் செவிட்டுத்தன்மை இருப்பதாக ஆய்வில் கண்டிருக்கிறார்கள். கூப்பிட்டும் வராத குட்டியை முரடு என்று அடிப்பதற்கு முன், அதற்குக் காது கேட்கிறதா என்று பார்ப்பது தர்மம்.

இனி நம் மண்ணின் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜீவநதி இல்லாத, செம்பொறைப் பூமியும் முந்திரிக் காடும் தைல மரத் தோப்புமான இந்தப் பிரதேசத்தில், சித்திரை வைகாசி மாதங்களில் காலை எட்டு மணிக்கே தார்ச்சாலை கொதிக்கத் தொடங்கிவிடுகிறது. நாயின் உடலில் வியர்வை பாதங்களில் மட்டுமே சிறிதளவு சுரக்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது தன் சூட்டைத் தணித்துக் கொள்ள வேண்டும். தசை திரண்டு, முகம் சற்றுக் குறுகி, எந்நேரமும் துள்ளிக் கொண்டிருக்கும் இந்தக் குளிர்நாட்டு வமிசம், களைப்பை வெளிக்காட்டாமலே விளையாடி, திடீரென்று மயங்கி விழக்கூடியது. ஆதலால் உலாவும் ஓட்டமும் விடிவதற்கு முன்னும், பொழுது சாய்ந்து தரை ஆறிய பின்னுமே நடக்க வேண்டும். எச்சில் கெட்டியாகி, ஈறு சிவந்து, கால் தள்ளாடினால், உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெங்கும் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, விசிறியால் காற்று வரச் செய்து, தாமதமின்றி மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். காளையைப் போலவே நாயையும் கண்மாயில் நீந்தப் பழக்கலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. மார்பும் தலையும் கனத்த இந்த நாய்களில் பல நீந்தத் தெரியாமல் மூழ்கிவிடும்.

வெயிலுக்கு அடுத்த சத்துரு உண்ணி. ஆடும் மாடும் மேயும் கிராமத்துப் புல்தரையிலிருந்தும், கட்டடத்துச் சுவர் இடுக்கிலிருந்தும் ஏறும் உண்ணிகள் இரத்தத்தில் கிருமியைச் செலுத்தி உண்டாக்கும் காய்ச்சலால், நேற்றுவரை சுவரேறிக் குதித்த நாய் இன்று உணவை முகர்ந்தும் பாராமல் சுருண்டு கிடக்கும். காதின் உட்புறத்தையும் விரல் இடுக்குகளையும் தினமும் பார்ப்பது வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை. பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான தடுப்பூசிகளை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மருத்துவர் குறிக்கும் நாட்களில் திரும்பவும் போட்டு, மூன்றாம் மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட வேண்டும். உள்ளூர் கால்நடை மருத்துவமனையில் தீராத நோய்க்கு, அண்டை மாவட்டமான தஞ்சாவூரின் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது இப்பகுதி மக்களுக்கு நல்ல அனுகூலம்.

உடல் நலத்தைவிட அதிகமாகக் கெடுவது மன நலம். நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது நடையும் ஓட்டமும், அதற்குமேல் மூளைக்கு வேலை தரும் விளையாட்டும் கிடைக்காத டெரியர், தானே ஒரு வேலையைக் கண்டுபிடித்துக் கொள்ளும்: தென்னங்கன்றைத் தோண்டும், செருப்பைத் துண்டாக்கும், கோழியைத் துரத்தும். எலியையும் நரியையும் துரத்தப் பிறந்த வமிசத்துக்கு, ஓடுகின்ற எதுவும் வேட்டைப் பொருளாகத் தோன்றுவது இயற்கை. ஆட்டுக்குட்டியும் கோழியும் உள்ள வீட்டில், கயிற்றில் பிடித்தபடியே அவற்றின் முன்னே அமைதியாக உட்காரப் பழக்கி, நெடுநாள் சென்ற பின்னும் ஆள் இல்லாத வேளையில் அவற்றோடு தனியே விடாதிருப்பதே விவேகம். தெருநாய்களைப் பற்றியும் இதே ஜாக்கிரதை வேண்டும். இந்நாய் சண்டையைத் தானாகத் தொடங்காவிட்டாலும், தொடங்கிய சண்டையிலிருந்து பின்வாங்காது. பொருத வைத்து வேடிக்கை பார்ப்பது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டமே இல்லையென்றாலும் அது மகாபாதகம்.

குழந்தைகளிடம் இந்நாய்க்கு உள்ள பிரியம் உலகறிந்தது. ஆனால் பிரியம் வேறு, அளவறிதல் வேறு. தவழும் குழந்தையை ஆசையோடு இடித்துத் தள்ளிவிட்டு நக்கும் நாயிடம் துவேஷம் சிறிதும் இல்லை. ஆயினும் குழந்தையின் தலை தரையில் மோதும். உண்ணும்போதும் உறங்கும்போதும் நாயைத் தொடக்கூடாது என்று குழந்தைக்கும், உத்தரவின்றி மேலே தாவக்கூடாது என்று நாய்க்கும் ஒரே சமயத்தில் கற்பிக்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் தாத்தா ஒரு சொல், தகப்பனார் ஒரு சொல், பேரன் ஒரு சொல் என்று கட்டளையிட்டால் புத்திசாலி நாயும் குழம்பும். உட்கார், நில், வா, விடு என்ற நாலு சொற்களை வீட்டார் அனைவரும் ஒரே விதமாகச் சொல்லி, கேட்டு நடந்தவுடன் ஒரு துண்டு கருவாடோ அன்பான தடவலோ கொடுத்தால், பிரம்பின் துணை ஒருபோதும் தேவைப்படாது.

மக்கள் இந்நாய்களைக் கண்டு அஞ்சுவதை நான் அலட்சியம் செய்யவில்லை. 2024-ஆம் ஆண்டு மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய செய்தி தமிழகத்தையே நடுங்க வைத்தது. அதற்குச் சற்று முன்னரே, மார்ச் 12-ஆம் தேதி, பிட்புல், ராட்வைலர் உள்ளிட்ட இருபத்து மூன்று வகை நாய்களுக்கு உரிமம் வழங்க வேண்டாமென்றும், வளர்ப்பில் உள்ளவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டுமென்றும் மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து ஆலோசியாமல் பிறப்பித்தது என்ற காரணத்தால் கர்நாடக உயர் நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் அடுத்த மாதமே அதை ரத்து செய்தன. அந்தப் பட்டியலில் 'டெரியர்கள்' என்று பொதுவாகவும் ஒரு வார்த்தை இருந்தது; மடியில் வைத்துக் கொஞ்சும் யார்க்ஷயர் டெரியர் முதல் பிட்புல் வரை எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கும் விதி நியாயமாக அமலாக முடியாது. அதேசமயம், தன் நாயால் பிறருக்குத் தீங்கு நேராதபடி காக்கத் தவறுபவருக்கு, பாரதிய நியாய சன்ஹிதையின் 291-ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்க இடம் தருகிறது. அந்தப் பொறுப்பு முழுவதும் வளர்ப்பவரையே சாரும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. உறுதியான பட்டையும் குட்டையான கயிறும் இன்றி இந்நாயைத் தெருவுக்கு அழைத்து வருபவர், தம் நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும், அண்டை வீட்டாருக்கு அநீதி செய்கிறார். சந்தையிலும் தேர்த் திருவிழாவிலும் அதற்கு வேலையே இல்லை.

காவல் ஒன்றே நோக்கமானால், தேனி மாவட்டத்துக் கோம்பை நாய் இருக்கிறது. செம்பழுப்பு மேனியும் கறுத்த மூஞ்சியுமாக, இந்த வெயிலிலேயே பிறந்து வளர்ந்து, அந்நியரை எளிதில் நம்பாத அந்த இனத்தை, ராஜபாளையம், சிப்பிப்பாறை இனங்களோடு சேர்த்துச் சென்னை சைதாப்பேட்டையில் அரசு நாய் இனப்பெருக்கப் பிரிவிலும் பேணி வந்திருக்கிறார்கள். அதற்கும் ஓட்டமும் துணையும் வேண்டும். ஆனால் வாயிலைக் காப்பது அதன் பிறவிக் குணம். புல் டெரியரின் பிறவிக் குணம் வாயிலில் இல்லை. வீட்டு மனிதர்களின் நடுவில் இருக்கிறது.

ஸ்டாஃபர்ட்ஷயர் நாய் பன்னிரண்டு, பதினான்கு ஆண்டுகள் வரை ஜீவிக்கக்கூடியது. புதுக்கோட்டை மாவட்டத்து வீடுகளில் அந்தக் காலத்துக்குள் நிகழ்வன யாவருக்கும் தெரியும்: குட்டி வேண்டுமென்று அடம்பிடித்த பையன் திருச்சிக்கோ சென்னைக்கோ படிக்கப் போவான், தகப்பனார் சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ வேலைக்குச் சென்றுவிடுவார், முற்றத்தில் மிஞ்சுவது முதியவர்களும், அவர்கள் கையால் பிடித்து நிறுத்த முடியாத ஒரு முழு வளர்ச்சியடைந்த நாயுமே. அப்போதுதான், அதுவரை வீட்டுக்குள் உலவியது கொல்லைப்புறச் சங்கிலிக்குப் போகிறது. ஆகையால் விலை பேசுவதற்கு முன்பே வீட்டார் யாவரும் கூடி அமர்ந்து, இன்னும் பத்தாண்டுகள் இந்த ஊரிலேயே இருக்கப் போகிறவர் யார், காலையிலும் மாலையிலும் கயிற்றைப் பிடிக்கும் தெம்பும் மனமும் உள்ளவர் யார் என்று பேசித் தீர்மானிக்க வேண்டும். அப்படி ஒருவர் உண்டென்றால், முதல் தடுப்பூசிக்குக் கால்நடை மருத்துவமனைக்குப் போகும்போது குட்டியை அவரே தூக்கிக்கொண்டு போகட்டும். சீட்டில் உரிமையாளர் பெயராக அவர் பெயரையே எழுதட்டும்.